போடிமெட்டு ஏறும் ஜீப்பின் பின் ஆக்சில்

பழைய ஜீப்புக்குப் பிந்தைய மாடலின் பின் ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் பூட்டினால் அசல் கெட்டுவிடும் என்பார்கள் சேகரிப்பாளர்கள். எந்த அசல்? போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88, 1945இல் வந்த சிவிலியன் மாடலுக்கு 5.38. வேகத்தை விட்டு இழுவையைக் கூட்டியது கம்பெனியேதான். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவேறி ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் சுமக்கும் வண்டிக்கு, ராணுவத்தின் கால் டன் கணக்கு எப்படிப் போதும்?

புதியதெல்லாம் மேல் என்றும் சொல்வதற்கில்லை: போர்க்கால ஆக்சிலில் தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது, பிந்தையதில் கழலலாம். பட்டை கூடினால் அளவுமீறி ஆளேற்றத் துணிவு வரும் என்ற ஆட்சேபமும் நியாயமே, பிரேக் பழையதாகவே இருந்தால் இன்னும் மோசம். ஆனால் அந்தக் குற்றம் சுமை ஏற்றுபவருடையது. ஆக்சில் மாற்றிய பட்டறைக்காரருடையது அல்ல.