வழக்காடாத வாத்தியார்கள்

பெங்களூரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியரே விக்டோரியா மருத்துவமனை வார்டில் நோயாளியையும் பார்க்கிறார். மாணவர் பக்கத்தில் நின்று, அவர் என்ன கேட்கிறார், எதைச் சந்தேகிக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று கண்ணால் கண்டு கற்கிறார். ‘கிளினிக்’ என்ற சொல்லைச் சட்டக் கல்வி கடன் வாங்கியது இந்த ஏற்பாட்டிலிருந்துதான். அதே நகரில் 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய இந்திய தேசியச் சட்டப்பள்ளி, செயல்முறைக் கல்வியை நாட்டுக்கே முன்மாதிரியாக நடத்திக்காட்ட முனைந்தது. பாடத்திட்டம் வந்தது, மதிப்பெண்ணும் வந்தது, வார்டு மட்டும் வரவில்லை. ஆசிரியரின் சோம்பலையோ மாணவரின் சம்பள ஆசையையோ இதற்குக் காரணமாகச் சொல்வது எளிது. வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: சீனியர் வக்கீலிடம் இருந்த பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கல்லூரியின் தலையில் வைத்தவர்கள், அதற்கு வேண்டிய உரிமையைக் கொடுக்கவில்லை.

வக்கீல் தொழில் நம் நாட்டில் வெகுகாலம் சீனியரின் அலுவலகத்தில்தான் கற்கப்பட்டது. கேஸ் கட்டைச் சுமந்து போவது, வாய்தா கேட்பது, குமாஸ்தாவிடம் நெளிவுசுளிவு தெரிந்துகொள்வது எல்லாம் அந்தப் பாடத்தில் சேர்த்தி. கல்லூரிகள் கொடுத்தது பெரும்பாலும் விரிவுரை மட்டுமே. அதன் தரத்தை 1958-இல் சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பதிவு செய்துகொள்ளும் முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றது. 1973-இல் வந்த திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. 1995-இல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாகத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படி விதி செய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தொழிலைக் கற்பிக்கும் கடமை ஆகக்கடைசியில் கல்லூரி வாசலில் வந்து நின்றது.

அதே காலத்தில் இன்னொரு ஓட்டமும் வந்து கலந்தது. 1973-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு, ஏழைகளுக்கான சட்ட உதவியில் மாணவர்களையும் சேர்க்கச் சொன்னது. 1976-இல் அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் 39-அ பிரிவைச் சேர்த்து, இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் சட்ட உதவி முயற்சிகளில் பழகிய என்.ஆர். மாதவ மேனன்தான், கர்நாடகச் சட்டமன்றம் 1986-இல் இயற்றிய சட்டத்தால் உருவான பெங்களூருப் பள்ளியின் முதல் இயக்குநர். ஐந்தாண்டுப் படிப்பு, மாணவர் நடத்தும் சட்ட உதவி மையம், களப்பணி என்று அவர் அமைத்த முறையின் பின்னால், நீதிக்குப் பணிசெய்தபடியே தொழில் கற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 1998-இல் செயல்முறைச் சட்டக் கல்விக்கு ஒரு கையேட்டையும் அவர் தொகுத்தார்.

அதற்குள் பார் கவுன்சில் 1997-இல் நான்கு செயல்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருந்தது. அவற்றில் ஒன்று பொதுநல வழக்கும் சட்ட உதவியும் பற்றியது. 2008-ஆம் ஆண்டு விதிகளில் அந்தத் தாள் கட்டாயப் பட்டியலில் இல்லை. மாற்றுமுறைத் தகராறுத் தீர்வு அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு கல்லூரியும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்ற விதி மட்டும் தனியே இருக்கிறது. ஆனால் அந்த மையத்தை நடத்தும் ஆசிரியர் யார்? முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது அதே பார் கவுன்சிலின் விதி. மாணவரோ இன்னும் பதிவு செய்யாதவர். ஆகவே மையத்துக்கு வரும் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லலாம், மனு எழுதித் தரலாம், விழிப்புணர்வு முகாம் நடத்தலாம்; வழக்கு நீதிமன்றப் படியேறும்போது ஆசிரியரும் மாணவரும் கீழேயே நின்றுவிட வேண்டும்.

தொழில் செய்யும் வழக்கறிஞரைப் பகுதிநேரமாகக் கூப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். விதியும் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை அதை அனுமதிக்கிறது. ஆனால் அவர் வகுப்புக்கு அனுபவத்தைக் கொண்டுவருவார், வழக்கைக் கொண்டுவர மாட்டார். இதைவிடக் கனமான ஆட்சேபம், ஏழையின் வழக்கு மாணவர் பழகிப்பார்க்கும் களமாகலாமா என்பது. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஆசிரியரின் கையெழுத்தும் உடனிருப்பும் தேவை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1969-இலேயே கட்சிக்காரரின் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் மாணவர் வாதாட மாதிரி விதி வகுத்தது. நம் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆவது பிரிவும், பதிவு செய்யாத ஒருவரைக் குறிப்பிட்ட வழக்கில் அனுமதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. நுகர்வோர் மன்றங்களில் வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதியும் வாதாடலாம் என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்டப்பள்ளிப் பட்டதாரிகள் பெருநிறுவனங்களுக்குத்தானே போகிறார்கள் என்போருக்கும் பதில் இதில் இருக்கிறது: ஐந்தாண்டில் ஒரு ஏழையின் வழக்கைக்கூடத் தீர்ப்பு வரை கொண்டுபோக வழியில்லாதவருக்கு, அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. இனி இன்னொரு தாளைச் சேர்ப்பதால் பயன் அதிகம் இராது. சட்ட உதவி மைய வழக்குகளில் மட்டுமாவது ஆசிரியர் வாதாடலாம் என்று பார் கவுன்சில் தன் விதியைத் தளர்த்தினால், மாணவர் பக்கத்தில் நின்று கற்பதற்கு ஓர் இடம் கிடைக்கும்.