தரிசுன்னு எழுதி வெச்ச காடு

எங்க ஊர்ல "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னு சொன்னா யானை, புலியெல்லாம் நினைச்சுக்காதீங்க. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் வானம் பார்த்த பூமிக்கெல்லாம் காடுன்னுதான் பேர். அதில் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டது கொறங்காடு.

அது தானா முளைச்சதில்லை. தலைமுறை தலைமுறையா மனுசன் கட்டிக் காத்தது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். வெயிலில் புல் கருகிக் கிடக்கும், செத்தே போச்சுன்னு நினைப்பீங்க. ஒரு மழை போதும், வேரிலிருந்து பச்சை கிளம்பிடும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிரும், செம்மறிக்கு அதுதான் தீனி. ஒரு காட்டில் மேய்ச்சல் குறைஞ்சா படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாத்துவோம். வேலி இருக்கிறதால மேய்க்க ஆள் வேண்டாம், ராத்திரி பகல் உள்ளேயே கிடக்கும். காங்கயம் மாடு உருவானது இந்த மேய்ச்சலில்தான். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பொறுக்கி வளர்த்ததை இந்தப் பக்கம் எல்லாரும் அறிவாங்க. வேலியோரம் கௌதாரி, முயல், கீரி, உடும்பு.

1955ல் பவானிசாகர் அணை கட்டி முடிஞ்சு கீழ்பவானி வாய்க்கால் வந்தது. அதற்குப் பின்னால் பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர். பாய்ஞ்ச இடத்தில் காடு வயலாச்சு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், வயிறு நிறைஞ்சது. அப்புறம் பம்புசெட் வந்து கவலை இறைப்பது நின்னுது, டிராக்டர் வந்து ஏர் நின்னுது. காளைக்கு வேலை போச்சு. அந்த நேரம் பார்த்துத் திருப்பூர் பெருத்தது. 2011 கணக்கெடுப்பில் நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்து 9.6 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் வீடு வேணும், நியாயந்தானுங்க. ஆனா இடம் தேடி வர்றவங்க கண்ணில் முதலில் படுவது எங்க காடு. பயிர் வைக்காத நிலம்னா அடங்கலில் தரிசு. பட்டா நிலம்கிறதால வனத்துறையும் எட்டிப் பார்க்காது.

நானும் யோக்கியன் இல்லை. 1998ல் ரெண்டு ஏக்கர் காட்டை அழிச்சு, போர் போட்டு, தென்னை வெச்சேன். பத்து வருசத்தில் போர் வத்திப் போச்சு. தென்னையும் போச்சு, அங்கே பழைய புல்லை இன்னிக்கு வரைக்கும் கொண்டுவர முடியலை.

போன வருசம் பங்காளி அவன் பங்கைச் சைட் போட வித்துட்டான். எங்க அப்பாரு போத்து நட்டு வளர்த்த பொது வேலியை ஜேசிபி ஒரே மத்தியானத்தில் வழிச்சுப் போட்டுது. அன்னிக்குச் சாயங்காலம் ஒரு கௌதாரி குஞ்சுகளோட அந்த மண்மேட்டு மேல இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

எனக்கு மிச்சம் இருக்கிற நாலு ஏக்கருக்கு அந்தப் பக்கம் இப்போ வேலி இல்லை. கிளுவைப் போத்து வெட்டி வெச்சிருக்கேன், மழைக்கு முன்னாடி நடணும். புரோக்கர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். பையன், "நடற கூலிக்குக் கம்பி வேலியே போட்டுறலாம்ப்பா"ங்கிறான்.