தண்டர்பேர்டில் இருந்து ஹிமாலயனுக்கு...

தண்டர்பேர்டை வித்துட்டு செகண்ட் ஹேண்ட்ல 411 சிசி ஹிமாலயன் வாங்கியாச்சு மக்களே! மறைமலை நகர் - ஒரகடம் ஒரு ரவுண்டு. கால் நீட்டி சாஞ்சு ஓட்டின உடம்புக்கு, நிமிர்ந்து உக்கார்றதே புதுசா இருக்கு. 21 இஞ்ச் முன்சக்கரம் பள்ளத்தைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பழைய டுப்பு டுப்பு சத்தம்தான் மிஸ்ஸிங்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ராணுவம் எல்லை ரோந்துக்கு 800 புல்லட் வாங்கினதுல ஆரம்பிச்ச கதை இது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா. 1970ல் அங்கே கடையைச் சாத்தியாச்சு, திருவொற்றியூர்ல புல்லட் நிக்கலை. 2002ல் க்ரூஸரா தண்டர்பேர்ட், 2016ல் ஹிமாலயன்.

'அட்வென்ச்சர் எல்லாம் புது ஃபேஷன்'னு நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. யோசிச்சா, கரடுமுரடு எல்லைப் பாதைக்குத்தான் நம்மூர் புல்லட்டே வந்துச்சு. சாஞ்சு ஓட்டினதுதான் நடுவுல வந்த ஃபேஷன்!