மகவை இழந்த தாயும் சட்டமும்

பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை அடுத்துள்ளது ஜீவனஹள்ளி. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த காலந்தொட்டு, படையோடும் பிழைப்போடும் வந்த தமிழர் அப்பகுதிகளில் வேரூன்றினர். அங்கிருந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுள் ஒருத்தி ஈன்ற மகவு உயிரின்றிப் பிறந்ததெனக் கொள்வோம். அவளுக்கு ஊதியத்தோடு ஓய்வு உண்டா? பாலூட்டப் பிள்ளை இல்லாதபோது விடுமுறை எதற்கு என்று கேட்போர் எக்காலத்தும் உளர். இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாறு, அயல் மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் அறியத்தக்கது.

1919-இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் தாய்க்கு ஓய்வு வேண்டுமென ஓர் உடன்படிக்கை வகுத்தது. அன்றைய இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. 1924-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதாவும் தோல்வியுற்றது. எனினும் முயற்சி ஓயவில்லை. 1928-இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் டாக்டர் அம்பேத்கர் இத்தகைய மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1929-இல் பம்பாய் மாகாணம் சட்டம் இயற்றியது. சென்னை முதலிய பிற பகுதிகளும் பின்தொடர்ந்தன. ஆயினும் ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஒவ்வொரு விதி. எல்லை கடந்து பிழைக்கச் சென்ற பெண்ணின் உரிமை, அவள் சென்று சேர்ந்த இடத்தைப் பொறுத்தே அமைந்தது.

இக்குறையை நீக்கப் பிறந்தது 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம். 'குழந்தை' என்னும் சொல் இறந்து பிறந்த குழந்தையையும் உள்ளடக்கும் என்று அது விளக்கம் கூறிற்று. இச்சிறு தொடரின் பயன் பெரிது. மகவு பிழைக்காவிடினும் அவள் பெற்றது பேறே. ஆதலின் பேற்றுக்குரிய 12 வார ஊதியம் அவளுக்கும் உரியதாயிற்று. கரு சிதைந்தாலோ, ஊதியத்தோடு ஆறு வார ஓய்வு. பேற்றின் பின்னும் கருச்சிதைவின் பின்னும் ஆறு வாரம் அவளை வேலை வாங்குதல் கூடாது என்றும் அச்சட்டம் தடுத்தது.

2017-இல் 12 வாரம் 26 ஆக உயர்ந்தது. இரு குழந்தைகளோ அதற்கு மேலோ உடையோருக்கு 12 வாரமே எனினும், உயிருடனுள்ள குழந்தைகளே கணக்கிற் கொள்ளப்பட்டனர். மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு, மகவு இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் மறைந்தாலோ, 60 நாள் தனி விடுமுறை 2022 செப்டம்பரில் அளிக்கப்பட்டது. இழப்பால் தாயுள்ளம் அடையும் துயரை அவ்வாணையே காரணமாகக் காட்டியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. கருச்சிதைவுக்குரிய ஆறு வாரம் அதிலும் நிலைபெற்றுள்ளது.

இவ்வுரிமைகள் எல்லாம் மத்தியச் சட்டத்தின்பாற்பட்டவை. ஆதலின் வேலை செய்யுமிடம் கர்நாடகமா தமிழகமா என்பதோ, பேசும் மொழி எது என்பதோ இவற்றைக் குறைப்பதில்லை. ஆயினும் உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். மருத்துவமனைச் சான்றிதழைப் பேணுதல் முதற்கடமை. இறந்து பிறந்த மகவையும் பதிவு செய்யவேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்.

குறைகளும் உண்டு. துக்கத்தில் சரிபாதி கொண்ட தந்தைக்கு இப்பேறுகாலச் சட்டங்களில் இடமில்லை. வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்ணுக்கோ, ஊதியத்தோடு கூடிய இவ்வோய்வு இன்னும் எட்டாக்கனியாகவே உள்ளது. தொழிற்சாலைத் தாய்க்கு 1961-இல் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கும் நாளிலேதான், 1919-இல் தொடங்கிய இம்முயற்சி முற்றுப்பெறும்.