மனை முகப்பும் தலைவாயிற் கதவும்

புதுமனை எடுக்கத் தொடங்கும் நம் சங்கத்து அன்பர் சிலர், புறச்சுவருக்கு எவ்வண்ணம் தகும், தலைவாயிற் கதவு எத்தகையதாதல் வேண்டும் என்று நம்மை வினவுவதுண்டு. நாம் தச்சருமல்லோம், கொத்தருமல்லோம். ஏடு புரட்டும் தமிழாசிரியரே. எனினும், செட்டிநாட்டில் நம் முன்னோர் எழுப்பிய மனைகளின் வரலாற்றை நோக்கின் விடை ஒருவாறு புலப்படும்.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, ஐராவதிக் கழிமுகத்து அரிசி ஐரோப்பாவுக்குப் பெருகிச் சென்றது. அந்நெல் விளைத்த குடியானவர்க்குக் கடன் கொடுத்து நகரத்தார் பொருளீட்டினர். பொருளோடு தேக்கும் கப்பலேறி வந்தது. நிலை, கதவு, தூண் யாவும் அத்தேக்கே. நிலையின் மேற்புறத்தே கஜலட்சுமியைச் செதுக்குவித்தனர். இத்துணை வேலைப்பாடமைந்த கதவுக்குப் பெரும்பாலும் மரத்தின் நிறமே நிறமாயிற்று.

சுவரின் செய்தி வேறு. செங்கற்சுவரின்மேல் அரைத்த சுண்ணாம்பைப் பல படைகளாகப் பூசினர். கடுக்காய் நீரும், கருப்பட்டியும், முட்டை வெண்கருவும் அதிற் சேர்ந்தன. வெள்ளிக்கிழமையில் முட்டை தொடாத ஆச்சிமாரும் சுவருக்கு அதனை மறுத்திலர் போலும்! வெண்மை அழகுக்கு மாத்திரமன்று. வெயிலை அது திருப்பியனுப்பும். சுண்ணாம்போ, தான் உண்ட ஈரத்தை மீளக் காற்றில் விட்டுவிடும். வண்ணம் வேண்டியவிடத்துக் காவியையும் நீலத்தையும் சுண்ணாம்பு நீரிலேயே கலந்தனர்.

நிற்க. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, விளைநிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. வரவு நின்றது, மனைகள் நின்றன. பங்காளிகள் பலராகிய பின் பழுதுபார்ப்பார் அரியராயினர். எத்தனையோ மனைகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. இன்று புதுமனைக்கென்று அவற்றை அன்பர் சிலர் விலைகொடுத்து வாங்குகின்றனர். தம் பாட்டனார் வீட்டுக் கதவையே ஒருவர் அறியாது வாங்கியிருத்தலுங் கூடும்!

நம் பழமனையிலும் ஒரு பிழை நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தாயாதியர் கூடி, முகப்புக்கு எமல்ஷன் பூசுவதென முடிவு செய்தபோது நாமும் தலையசைத்தோம். ஆரஞ்சு நிறம், திருவிழாப் போல விளங்கிற்று. இரண்டு மழைக்காலம் கழிந்தன. அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, வர்ணத்தை வீங்கச் செய்தது. உரிந்த வர்ணம், நூறாண்டு நின்ற சுண்ணாம்புப் பூச்சையும் பற்றிக்கொண்டு வீழ்ந்தது. சிமெண்டு வைத்து ஒட்டியவிடமும் விரைவில் வெடித்தது. ஐந்து பங்காளிகளுள் இருவர், கதவை விற்று அப்பணத்திற் சுவரைப் புதுக்கலாம் என்கின்றனர். நாம் உடன்பட்டிலோம். வருகின்ற தை மாதத்தில் அவ்வர்ணத்தைச் சுரண்டியெடுத்து மீளச் சுண்ணாம்பு பூச எண்ணியுள்ளோம். பழைய முறையிற் சுண்ணாம்பு அரைத்துப் பூசவல்ல கொத்தனார் எவரையேனும் அன்பர்கள் அறிவராயின், சங்கத்தின் வாயிலாக நமக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம்.