வீதியோர மரங்களும் ஈயத்தின் வரலாறும்

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டும் ஏடும் நாணயமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், இருபதாம் நூற்றாண்டு நகரங்களைப் பொறுத்தவரை, அரசாங்க அறிக்கைகள் கூறாத உண்மையொன்றை வீதியோரத் தாவரங்கள் பதிந்து வைத்திருந்தன. பெற்றோலிற் கலக்கப்பட்ட ஈயத்தின் வரலாறே அது.

மோட்டார் எஞ்சினில் எழும் இடிப்பினை நாலெதைல் ஈயம் தணிக்கும் என்பதை, 1921ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் டேற்றன் நகரில் தோமஸ் மிட்ச்லி கண்டறிந்தார். 1923இல் ஈயப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜேர்சி ஆலையொன்றில் அந்நஞ்சினால் ஐந்து தொழிலாளர் மாண்டனர். 1925 மே மாதத்தில் வாஷிங்ரனில் அரசு கூட்டிய மாநாட்டில், தொழிலாளர் மட்டுமன்றி வீதியிற் செல்வோரும் மெல்ல மெல்லப் பாதிப்புறுவர் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. எனினும், சில மாத ஆய்வின் பின்னர், தடைசெய்வதற்குத் தக்க காரணமில்லை என நிபுணர் குழு 1926இல் முடிவு கூறியது. ஆய்வு தொடரவேண்டும் எனவும் அக்குழு கேட்டிருந்தது. ஆனால் அடுத்துவந்த பல ஆண்டுகளுக்கு அவ்வாய்வு பெரும்பாலும் தொழில் நிறுவனங்களின் நிதியிலேயே நடைபெற்றது. தீங்கு நிறுவப்படவில்லை என்ற கூற்று, தீங்கே இல்லை என்பதாகப் பொருள் கொள்ளப்பட்டது.

இதற்கிடையில் வேறொரு பதிவு நிகழ்ந்துகொண்டிருந்தது. புகையுடன் வெளியேறிய ஈயத்துணிக்கைகளுட் பெரியவை வீதிக்கு அண்மையிலேயே படிந்தன. இலைகளின் மேற்பரப்பும் மரப்பட்டையின் வெடிப்புகளும் அவற்றை ஏந்தின. மண்ணிலுள்ள ஈயம் உக்கலுடன் இறுகப் பிணைந்துவிடுவதால் வேர்வழியே மேலேறுவது சிறிதே. ஆகவே வீதியோர மரத்தில் இருந்த ஈயத்தின் பெரும்பகுதி காற்றுவழி வந்ததாகும்.

1962இல் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் ஹெலன் கனன் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட கட்டுரை, வீதியை அணுகுந்தோறும் புல்லில் ஈயம் மிகுவதைக் காட்டிற்று. 1968இல் சுவீடனின் றூலிங், டைலர் ஆகியோர் உலர்தாவரச் சேகரிப்புகளிலிருந்த பழைய பாசிகளைப் பகுத்தாய்ந்தனர். வேரற்ற பாசி தன் உணவைக் காற்றிலும் மழையிலுமிருந்தே பெறுவது. அதில் ஈயம் இருமுறை உயர்ந்திருந்தது: முதலாவது, நிலக்கரி பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாவது, மோட்டார் வண்டிகள் பெருகிய 1950ஐ அடுத்து.

ஏனைய மூலங்களைப் போன்றே இவற்றுக்கும் மூலத் திறனாய்வு வேண்டும். ஆண்டு வளையங்கள் நம்பத்தக்க நாட்காட்டியாகும் எனச் சிலர் கருதினர். ஆனால் பல மரங்களில் ஈயம் வளையத்துக்கு வளையம் நகர்வது பின்னர் தெரியவந்தது. மரம் பருக்கும்போது தண்டினுள் அகப்பட்டு மூடப்பட்ட பட்டைத் துண்டுகளே அதனிலும் உறுதியான சான்றாயின.

1970களில் ஈயம் குறையத் தொடங்கியமைக்கு மக்கள் நலம் மட்டுமே காரணமன்று. புகையைத் தூய்மையாக்கப் புதிதாகப் பொருத்தப்பட்ட ஊக்கிக் கருவியை ஈயம் பழுதாக்கியமையும் ஒரு காரணமாகும். ஐக்கிய அமெரிக்கா 1996இலும் இலங்கை 2002இலும் வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோலைக் கைவிட்டன. இறுதியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அதன்பின் உதிர்ந்த இலைகளில் ஈயம் குறைந்ததாயினும், முன்னர் மண்ணிற் சேர்ந்தது அழிவதில்லை. டயர்த் தேய்வினால் நாகமும் தடுப்புக்கட்டைத் தேய்வினால் செம்பும் இன்றும் வீதியோரத்திற் படிகின்றன. மின்வண்டிகளும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல.

1926இல் தீங்கை நிறுவும் சுமை, நஞ்சைப் பரப்பியோர்மேலன்றி, அதைச் சுவாசித்தோர்மேல் சுமத்தப்பட்டது. அச்சான்று திரண்டு ஏற்கப்படுவதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டனர். மரங்கள் உண்மையைப் பதிந்துவைத்தன; அதைக் காலத்தே வாசிக்க மனிதர் தவறினர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.