மார்பகப் புற்றுநோயும் மறைவு நீங்கிய வரலாறும்

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் மருந்துகளையும் கருவிகளையும் அவற்றைக் கண்டறிந்த அறிஞரையுமே பெரிதும் பேசுவர். நோயுற்றோரின் நாணமும் அச்சமும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்குறை மிகப் பெரிது. மார்பிலே கட்டியொன்றைக் கண்ட பெண் அதனை ஒருவருக்கும் உரையாது மாதக்கணக்கில் மறைத்து வைத்தமையே பல வேளைகளில் அவளுயிரைக் கவர்ந்தது. இம்மறைவு ஐக்கிய அமெரிக்காவில் எவ்வாறு நீங்கத் தொடங்கிற்று என்பதை, 1974ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை நடுவாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன. 1936இல் அந்நாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தார் 'பெண்கள் களப்படை' என்னும் பெயரால் தொண்டர்களைத் திரட்டிச் செய்தி பரப்பினர். 1950இல், ஒரு பெண் தன் மார்பகங்களைத் தானே தடவிப் பரிசோதிக்கும் முறையைக் காட்டும் திரைப்படமும் வெளிவந்தது. ஆனால், இவற்றிலெல்லாம் பேசியவர் வைத்தியரும் சங்கத்தாருமேயன்றி நோயுற்ற பெண் அல்லர். 1972இல், குழந்தைப் பருவத்திலேயே திரைப்பட நடிப்பால் உலகப் புகழ் பெற்ற ஷேர்லி ரெம்பிள், தம் மார்பிற் கண்ட கட்டிக்குச் சத்திரசிகிச்சை பெற்று, வைத்தியசாலையில் இருந்தவாறே அதனைப் பத்திரிகையாளர்க்கு வெளிப்படுத்தினார். அது ஒரு துணிவான தொடக்கம்.

1974 ஆகஸ்ட் 9ஆந் திகதி ஜெரால்ட் போர்ட் சனாதிபதியானார். வாட்டர்கேற் விவகாரத்தின் பின்னர், வெள்ளை மாளிகை எதனையும் ஒளிக்கின்றது என்ற ஐயத்துக்கு மக்கள் பழகியிருந்த காலம் அது. ஏழு வாரங்கள் கழிந்த பின், செப்டெம்பர் 26ஆந் திகதி, அவருடைய மனைவி பெற்றி போர்ட் அம்மையார் தோழியொருவருடன் பெதெஸ்டாக் கடற்படை வைத்தியசாலைக்கு வழமையான பரிசோதனைக்குச் சென்றார். அவருடைய வலப்பக்க மார்பிலே கட்டியொன்று இருப்பதை வைத்தியர் கண்டார். மறுநாள், முன்னாட் சனாதிபதி ஜோன்சனின் மனைவியையும் பெண்மக்களையும் மாளிகையில் வரவேற்று உபசரித்தபோது, அம்மையார் தம் மனத்திலிருந்ததை அவர்களுக்குக் காட்டவில்லை. அன்று மாலை வைத்தியசாலை புகுந்தார். 28ஆந் திகதி காலையிற் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது.

அக்கால வழக்கம் இன்று வியப்பூட்டும். நோயாளி மயக்கப்படுவார், கட்டி அகற்றப்பட்டு உடனே ஆய்வுக்குட்படுத்தப்படும், புற்றுநோயெனத் தெளிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகமும், அதன் கீழுள்ள தசைகளும், அக்குளின் நிணநீர்க் கணுக்களும் நீக்கப்படும். கண்விழிக்கும்போது தன் மார்பகம் இருக்குமோ இராதோ என்பதை அறியாமலே பெண் மயக்கத்துட் செல்வாள். வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த இம்முறையே பெற்றி அம்மையாருக்கும் கையாளப்பட்டது. இரண்டு நாட்களின் பின், செப்டெம்பர் 30ஆந் திகதி, தசைகளை நீக்காத எளிய சத்திரசிகிச்சையும் அதற்கு நிகரான பயன் தருவதாகக் காட்டிய பேணாட் பிஷரின் ஆய்வு முடிவுகள் வெளியிடப்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அவ்வாண்டிலேயே இந்நோயுற்ற பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர், பரிசோதனை வேறு, மார்பகத்தை அகற்றும் முடிவு வேறு என்றும், அம்முடிவு விழித்திருக்கும் நோயாளிக்கே உரியது என்றும் வாதிட்டார். 1979இற் கூடிய தேசிய சுகாதார நிறுவகங்களின் அறிஞர் குழு அவர் பக்கமே நின்றது. அக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

வெள்ளை மாளிகை இந்நோயின் பெயரைப் பூசி மெழுகாது உரைத்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதுகாறும் கூசிய சொற்களை நாடோறும் வழங்கின. பரிசோதனை நிலையங்களிற் பெண்கள் திரண்டனர். உப சனாதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் றொக்பெல்லரின் மனைவி ஹப்பி, இச்செய்தி கேட்டபின் தம்மைத் தாமே பரிசோதித்துக் கட்டியொன்றைக் கண்டார். ஒக்டோபரில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அவ்வாண்டு நாட்டிற் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளர் தொகை திடீரென உயர்ந்தது. நோய் பெருகியமையாலன்று, மறைந்திருந்தது வெளிப்பட்டமையாலேயே இவ்வுயர்வு ஏற்பட்டது.

பெற்றி அம்மையாரின் நிணநீர்க் கணுக்களிலும் நோய் பரவியிருந்தமையால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாத்திரை வடிவில் மருந்துச் சிகிச்சை தொடர்ந்தது. அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1975 நவம்பர் 7ஆந் திகதி, சிகிச்சை முடிவுறாத நிலையில், நியூயோர்க்கில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தார் முன்னிலையிற் பேசினார். பெண்மை குன்றிவிடும் என்ற அச்சத்தாற் பெண்கள் தம் உயிரையே இடருக்குள்ளாக்குகின்றனர் என்பதும், காலந்தாழ்த்தாது பரிசோதனை பெறவேண்டும் என்பதும் அவர் உரையின் சாரம். சுகமடைந்து ஆண்டுகள் பல கழிந்தபின் நினைவுகூர்வது எளிது. முடிவு இன்னதென்று தெரியாத நாளில் அதனை மேடையேறி உரைத்தமையே இவருடைய தனிச்சிறப்பாகும்.

அக்காலத்தார் சுயபரிசோதனைமீது வைத்த நம்பிக்கை முழுவதும் பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் கூறவேண்டும். சீனாவின் ஷங்காய் நகரில் 2,66,064 நெசவாலைப் பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வின் இறுதி முடிவு 2002இல் வெளிவந்தது. முறைப்படி சுயபரிசோதனை பயிற்றப்பட்டோரில் 135 பேரும், பயிற்றப்படாதோரில் 131 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர். இருசார்த் தொகையும் ஏறக்குறையச் சமமாகையால், பயிற்சி இறப்பைக் குறைத்ததெனக் கொள்ள இடமில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளோ பயிற்றப்பட்டோரிடையே மிகுந்திருந்தன. ஆதலின் மாதந்தோறும் ஒழுங்குமுறையாகத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இப்போது எல்லோருக்கும் விதிப்பதில்லை. தன் மார்பகத்தின் இயல்பு நிலையை ஒருத்தி அறிந்திருத்தலும், கட்டியோ தோற்சுருக்கமோ முலைக்காம்பில் மாற்றமோ தோன்றின் உடனே வைத்தியரை நாடுதலும், தக்க வயதிற் கதிர்ப்படப் பரிசோதனை பெறுதலுமே இன்று வற்புறுத்தப்படுகின்றன. பெற்றி அம்மையாரின் கட்டியைக் கண்டதும் வைத்தியரின் கையேயன்றி அவருடைய கையன்று. எனினும் ஹப்பி றொக்பெல்லர் தம்முடையதைத் தாமே கண்டார்.

பெற்றி போர்ட் 2011இல் தமது 93ஆம் வயதிலும், ஹப்பி றொக்பெல்லர் 2015இல் தமது 88ஆம் வயதிலும் காலமாயினர்.